பிறர் வாசலில் நம் அந்திப்பொழுது

அழகைக் கண்டு மகிழ்வதில் குற்றம் ஏதும் உண்டா? கேட்ட மாத்திரத்தில் 'இல்லை' என்றே விடை கூறுவோம். கண் எதையும் எடுத்துச் செல்வதில்லை. பார்ப்பதனால் மலை தேய்வதில்லை, கதிரவன் ஒளி குன்றுவதில்லை. ஆயினும், நாம் கண்டு மகிழும் காட்சி மற்றொருவரின் வாழ்விடமாக இருக்குமானால், அவ்விடை அத்துணை எளிதன்று.

கேரளத்தின் ஆலப்புழைப் பகுதியில், மாலை வேளையில் பயணிகளைக் கயாக் என்னும் சிறு படகுகளில் அழைத்துச் செல்லும் வழக்கம் இந்நாளில் பரவியுள்ளது. ஒருவரோ இருவரோ அமரத்தக்க ஒடுங்கிய படகு. இரு முனையும் தட்டையான துடுப்பு. வழி காட்ட அவ்வூரை அறிந்த ஒருவர். வேம்பநாட்டு ஏரியின் ஓரங்களிலும், அதனோடு இணைந்த வாய்க்கால்களிலும் அவை மெல்ல ஊர்கின்றன. மேற்கே தென்னை வரிசைக்கு அப்பால் கதிரவன் இறங்க, அலையற்ற நீர் செம்பொன்னாகிறது. அக்காட்சியில் உள்ளம் நெகிழாதார் அரியர்.

ஆனால், பயணிக்கு இயற்கையாகத் தோன்றும் அவ்வாய்க்கால், கரையில் வாழ்வோர்க்குத் தெரு, முற்றம், குளிக்கும் துறை. பெண்கள் பாத்திரம் துலக்குவதும், சிறுவர் நீராடுவதும், வேலை முடித்தவர் கைகால் கழுவிக் கரையேறுவதும் அந்த அந்திப்பொழுதில்தான். நாம் ஓய்வைத் தேடிச் செல்லும் நேரமே அவர்கள் தம் இல்லத்துக்குத் திரும்பும் நேரம்.

கயாக் பிறந்த வரலாறு இங்கே எண்ணத்தக்கது. வடதுருவத்தை அடுத்த பனிநிலங்களில் இனுயிட் மக்கள், சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்து இப்படகை அமைத்தனர். அது வேட்டைப் படகு. ஓசையின்றி நெருங்குவதே அதன் சிறப்பு. பசியாற வேட்டையாடிய அவர்களை நாம் குறைகூறுவதற்கில்லை. ஆனால் அதே ஓசையின்மையோடு, கையில் ஒளிப்படக் கருவியுடன், அறியாத ஒருவரின் படித்துறையை நாம் நெருங்கும்போது எதை வேட்டையாடுகிறோம்?

நாம் காணும் அழகும் தானே விளைந்ததன்று. ஏரியை அடுத்த குட்டநாட்டில், கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த நிலத்தில் நெல் விளைகிறது. அச்சிறப்பினை ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2013-இல் உலக வேளாண் மரபாக ஏற்றது. சித்திரா, மார்த்தாண்டம் போன்ற வயல்கள் 1940-களில் ஏரியிடமிருந்து மீட்கப்பட்டவை. நீரில் இறங்கிச் சேறு சுமந்து வரம்பு எழுப்பியோரில் பெரும்பாலோர் சொந்த நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள். 2018-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் குட்டநாட்டு மக்கள் பெருந்திரளாக வீடு துறந்து முகாம்களில் தங்க நேர்ந்தது. நமக்கு அந்தியின் கண்ணாடியாக விளங்கும் நீர், அவர்களுக்கு உணவளிப்பது. சில வேளை அச்சுறுத்துவது.

'கட்டணம் செலுத்துகிறோமே' எனலாம். அது படகுக்கும் வழிகாட்டியின் உழைப்புக்கும் உரிய விலை; படித்துறையில் நிற்கும் பெண்ணின் தனிமைக்கு உரியதன்று. 'இயந்திரப் படகு வீடுகளைப் போல நாங்கள் நீரில் எண்ணெய் கலப்பதில்லையே' எனலாம். உண்மை. ஆனால் நீருக்குத் தீங்கிழைக்காமை வேறு. மனிதரை மதித்தல் வேறு. முன்னது இருப்பதனால் பின்னதும் தானே வந்துவிடாது.

எனில், போகாதிருத்தலே அறமா? அன்று. அவர்கள் வாழ்வைக் காணவே மறுப்பதும் ஒருவகைப் புறக்கணிப்பே. வேடனுக்கும் விருந்தினனுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு: வேடன் தான் காணப்படாமல் காண விழைகிறான், விருந்தினனோ தன்னையும் காணக் கொடுக்கிறான். கயாக்கில் அமர்ந்தவர் நீர்மட்டத்தை ஒட்டியே இருக்கிறார். கரையிலிருப்பவரை அண்ணாந்தே நோக்கவேண்டும். படகு வீட்டின் மேல்தளம் தராத ஒரு பணிவை இந்தச் சிறு இருக்கை தருகிறது.

நல்ல வழிகாட்டியின் பணி வழி காட்டுவதோடு முடிவதில்லை. துடுப்பை எங்கே நிறுத்துவது, எந்தத் துறையை விலகிக் கடப்பது, யாருக்கு முதலில் வணக்கம் சொல்வது, கருவியை எப்போது கீழே வைப்பது என்பவற்றை அவரே கற்பிக்க வல்லவர். வந்தவரை விருந்தினராக்குபவர் அவரே. அவர் சொல் கேளாதவருக்கு அந்தி அழகாகத் தோன்றலாம். அவர் அந்த ஊருக்கு வந்தவராகார்.

நம் வீட்டுக் கிணற்றடியில், நாளெல்லாம் உழைத்த களைப்புடன் முகம் கழுவி நிற்கிறோம். வேலிக்கு அப்பால் அறிமுகமற்ற பத்துப்பேர் வாய்பேசாது நின்று, 'எத்துணை அழகு' என வியக்கின்றனர். அவ்வியப்பை நாம் பாராட்டாக ஏற்போமா? இக்கேள்விக்கு நேர்மையாக விடை கண்டபின் துடுப்பைக் கையில் எடுப்போம்.