பிரித்துப் பார்க்கலாமா?

வீட்டில் சிப்பிக்காளான் வளர்த்துப் பாருங்கள். வெந்நீரில் ஊறிய வைக்கோலை ஈரம் சொட்டாத பதத்துக்கு உலர்த்தி, பாலிதீன் பையில் காளான் வித்தோடு அடுக்கடுக்காக அடைத்து, சில ஓட்டைகள் போட்டு இருட்டறையில் தொங்கவிட்டால் போதும்.

குடைதான் காளான் என்று நினைக்கிறோம். இல்லை, அது வெறும் கனி மாதிரி. வைக்கோலைக் கரைத்துத் தின்றபடி பை முழுக்கப் பரவும் வெள்ளை இழைகள்தான் ஆள்! பரவி முடிக்க 15, 20 நாளாகும்.

அதுவரை நமக்குக் கை சும்மா இருக்காது. பிரித்துப் பார்த்தால் பச்சைப் பூஞ்சை புகுந்துவிடும். மகன் தூங்கும்போது அவன் செல்போனை நோண்டுகிறோமே, அதே கைதான். 'அக்கறைதான் சார்' என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், பை வழியாகவே வெண்மை தெரிகிறதே, அது போதாதா?

பச்சைத் திட்டு தெரிந்தால்? பையை அப்புறப்படுத்திவிடலாம். பிள்ளையை அப்படிச் செய்ய முடியாதே என்கிறீர்களா... அங்கேதான் எனக்கும் உதைக்கிறது.