யாருடைய மௌனம்?

'மௌனம் சம்மதம்' என்று வகுப்பில் யாராவது சொன்னால், யாருடைய மௌனம் என்று கேட்பேன். காவல் நிலைய வல்லுறவு பற்றிய மதுரா வழக்கில், ஆதிவாசிப் பெண்ணான அவளது உடலில் காயமில்லை என்று சொல்லி 1978இல் உச்ச நீதிமன்றம் இரு காவலர்களை விடுவித்தது. பெண்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே ஒருத்தி இசைந்தாள் என்று கொள்ளக் கூடாது எனச் சட்டத்தில் எழுத 2013 வரை ஆனது.

அந்த வரி இன்றும் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது. 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு, சேர்ந்து வாழும் 18 வயது நிரம்பிய மனைவியிடம் கணவன் நடந்துகொள்வதை வல்லுறவாகக் கொள்வதில்லை. தாலி ஏறிய நாளில் சொன்ன 'சரி' ஆயுளுக்கும் போதும் என்கிறது சட்டம். பல வீடுகளில் அதைக்கூட அவளிடம் கேட்டதில்லை. நாளை மறுக்கலாம் என்ற உரிமை இருந்தால்தான் இன்று சொல்லும் 'சரி' அவளுடையது.