செத்த காலேஜும் சிந்திக்கும் கண்ணும்

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றழைத்தனர் அந்நாளைய நகர மக்கள். 1851இல் தோன்றிய அக்கூடம் செத்ததா, உயிருள்ளதா? விடை அங்குள்ள கல்லிலும் செம்பிலும் இல்லை, தோழர்களே! மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் நம்மிடம் இருக்கிறது.

எப்படி அழைத்துச் செல்கிறோம்? இருவர் இருவராக வரிசை. "தொடாதே" என்றோர் அதட்டல். "இது சோழர் காலம், அழகானது, குறித்துக்கொள்" என்றோர் ஆணை. ஒரு மணி நேரத்தில் ஓட்டம்! மாணவன் கண்டது என்ன? முன்னே செல்பவனின் முதுகை! குறித்தது என்ன? நமது தீர்ப்பை!

இங்கேதான் எழுகிறது அறக்கேள்வி. "இது புனிதம், கும்பிடு" என்று பூசாரி சொன்னால், "ஏன்?" என்று கேட்கக் கற்றுத்தருகிறோம். "இது அழகு, வியந்து நில்" என்று ஆசிரியர் சொன்னால் மட்டும் கேள்வி கூடாதா? பூசாரி எழுந்த பீடத்தில் ஆசிரியர் அமர்வதா பகுத்தறிவு?

செப்புப் படிமக் கூடத்தில் இருவகையினர் உண்டு. ஒருவர் கடவுளென்று கைகூப்பிக் கண்மூடுகிறார். மற்றவர் நம்மவர்; கடவுளென்பதாலேயே முகம் திருப்புகிறார். பக்தியால் பாராதவர் ஒருவர், வெறுப்பால் பாராதவர் ஒருவர். பாராமையில் இருவரும் உடன்பிறப்புகள்!

மெழுகில் உருச் செய்து, வண்டல் மண் பூசி, நெருப்பிலிட்டு மெழுகை வடித்து, அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றி, அச்சை உடைத்தெடுத்தான் ஒரு தொழிலாளி. அச்சு உடைவதால், அவ்வார்ப்பில் மற்றொன்று பிறப்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் படிமங்களை அளித்தோரின் பெயரைப் பொறித்தன. படிமத்தின் உயரத்தையும் பொறித்தன. வார்த்தவன் பெயரோ பெரும்பாலும் எங்கும் இல்லை. நாம் முகம் திருப்பும்போது, வரலாறு மறந்த அவ்வுழைப்பாளியை இரண்டாம் முறை மறக்கிறோம்!

வழி என்ன? அமராவதிச் சிற்பங்களிடையே ஒரு வட்டப் பலகை உண்டு. நளகிரி என்னும் யானை புத்தர்முன் அடங்கும் காட்சி. கதையைச் சொல்லாமல் மாணவரை ஐந்து நிமிடம் நிற்கவிடுவோம். "என்ன காண்கிறாய்? எதைக்கொண்டு அப்படிச் சொல்கிறாய்?" இரண்டே கேள்விகள் போதும். "இரண்டு யானைகள்" என்பான் ஒருவன். "ஒரே யானைதான், அங்கே வெறி, இங்கே மண்டி" என்பாள் ஒருத்தி. மேலிருந்து எட்டிப்பார்ப்போரைக் காட்டுவான் இன்னொருவன். சான்று கேட்கப்படுகிறது, சான்று தரப்படுகிறது. கதையும் காலமும் அதன்பின் வரட்டும். அப்போது அவை மனத்தில் தங்கும்.

"அறியாச் சிறுவர் தீர்ப்பு வழங்குவதா?" என்பர் சிலர். ஆண்டும் செய்முறையும் சோதித்தறியத்தக்க செய்திகள்; அவற்றைத் தருவது ஆசிரியர் கடன். அழகுணர்ச்சியோ காண்பவன் தானே அடையவேண்டியது. இரவல் தர இயலாதது. "எனக்குப் பிடிக்கவில்லை" என்று காரணத்தோடு கூறும் மாணவன், காரணமின்றித் தலையாட்டும் நூறு பேரினும் மேலானவன்.

சிற்பத்தின்முன் சான்று கேட்டுப் பழகிய கண், கோயில் வாயிலிலும் கேட்கும். அரசியல் மேடையின்முன்னும் கேட்கும். ஆம், நமது மேடையின்முன்னும்தான்! அதற்கு அஞ்சுவோர் பீடம் தேடட்டும். நாம் மாணவரோடு சிற்பத்தின்முன் நிற்போம்.