எது என் விருப்பம்?

மாம்பழக் காலத்தில் சேலத்துக்கு வருகிறவர்கள் ஒரு கேள்வியை மட்டும் கேட்கக் கூடாது. மல்கோவா உயர்ந்ததா, இமாம்பசந்த் உயர்ந்ததா என்பதே அது. கேட்டால் விருந்து முடியும்வரை விவகாரம் ஓயாது. ஆனாலும் எவ்வளவு காரமாகப் பேசினாலும், "அவரவர் நாக்கு, அவரவர் ருசி" என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

2025 அக்டோபரில், அஸ்தம்பட்டியில் என் வீட்டுக் கூடத்தில் அப்படி ஒரு விவகாரம் நடந்தது. விஷயம் மாம்பழமல்ல, கம்ப்யூட்டர். வாதி என் அக்கா. பிரதிவாதி அவள் பெற்ற பிள்ளை. நீதிபதி ஸ்தானம் என் தலையில் விழுந்தது.

கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுத்து நடத்துகிற அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். நாம் எழுதுவதும் கணக்குப் போடுவதும் படம் பார்ப்பதும் அதன் தயவில்தான். அக்காவின் கம்ப்யூட்டரில் இருந்தது விண்டோஸ் 10. அந்தப் பதிப்புக்கு அந்த மாதம் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்பை ஏற்கும் வசதி அவளுடைய பழைய இயந்திரத்துக்கு இல்லை. மருமகன் பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள், விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸைக் குடியேற்றிவிட்டான்.

அக்கா ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறாள். அவள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய நான்கு நாட்களே இருந்தன.

"கணக்கெல்லாம் பத்திரமா எடுத்து வச்சிருக்கேம்மா."

"எடுத்து வச்சு என்னடா பண்ண? திறக்க முடியலையே!"

அவன் என் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்களே சொல்லுங்க. இது இலவசம். பழைய மெஷின்லயும் ஓடும். அம்மாவுக்கு நல்லதுதானே செஞ்சேன்?"

"எனக்கு எது நல்லதுன்னு என்னைக் கேக்காம நீ எப்படி முடிவு பண்ணினே? எனக்குப் பழசுதான் பிடிக்குது. அது என் இஷ்டம்."

"இஷ்டமா? வேற ஒண்ணு இருக்கிறதே உனக்குத் தெரியாது. தெரியாததை வேண்டாம்னு சொல்றது எப்படிம்மா இஷ்டமாகும்?"

ஒருவர் தவறாகப் பேசியிருந்தால் தீர்ப்பு சுலபம். இருவருமே சரியாகப் பேசியதுதான் என் சங்கடம்.

இந்தச் சண்டை என் வீட்டில் பிறந்ததல்ல. 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், யாரும் பயன்படுத்தவும், உள்ளே பிரித்துப் பார்க்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தை எழுதப்போவதாக அறிவித்தார். அவருக்கு இது தர்மப் பிரச்னை. 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்ஸின் கருவை எழுதி வெளியிட்டார். அவருக்கோ இது நல்ல பொறியியல். நன்றாக வேலை செய்தால் போதும். இருவர் உழைப்பும் ஒன்றாகச் சேர்ந்தது, அபிப்பிராயங்கள் சேரவில்லை. ஒரே பொருளை ஒருவர் மனச்சாட்சிக்காகவும் இன்னொருவர் சௌகரியத்துக்காகவும் விரும்பலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

நம் மாநிலமும் இதில் பின்தங்கிவிடவில்லை. அரசு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2006-07 வாக்கில் தன் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸும் இருந்தது; சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இயந்திரத்தை முடுக்கியதும் எது வேண்டும் என்று திரை கேட்கும். இதைவிட நேர்மையாகத் தேர்வு செய்யும் வாய்ப்பை யாருக்குக் கொடுக்க முடியும்?

எங்கள் தெருவில் அப்போது அந்த மடிக்கணினியைப் பெற்ற ஒரு பெண்ணிடம், "எதைத் திறப்பாய், அம்மா?" என்று கேட்டேன். "மேலே இருக்கறதைத்தான் மாமா. இன்னொண்ணு எதுக்குன்னு தெரியலை" என்றாள். பிரௌசிங் சென்டரில் அவள் பார்த்தது விண்டோஸ். அண்ணன் வேலைக்கு மனுப்போட்ட இடங்களில் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டது எம்.எஸ். ஆபீஸ். திரை அவளைக் கேள்வி கேட்பதற்கு முன்பே ஊர் பதில் சொல்லிவிட்டது. பிற்பாடு, 2018-இல் வந்த பதினோராம் வகுப்புப் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸும் பாடமாயிற்று. இரண்டு கதவு வைத்தால் போதாது, இரண்டாவது கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்றும் காட்ட வேண்டும் என்பது அப்போதாவது புரிந்ததே!

அந்தப் பெண்ணைச் சொல்வானேன்? நானே இன்றும் பழைய டைப்ரைட்டர் விசை வரிசையில்தான் தமிழ் அடிக்கிறேன். 1999-இல் அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகை சுலபமானது. விரலுக்கு வேலை குறைவு. எனக்கு அது தெரியும். தெரிந்தும் மாறவில்லை. பழக்கத்தை இழிவாக நான் நினைக்கவில்லை. உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தேடாமல் சமைக்கிறவள்தான் சமையலில் கருத்தைச் செலுத்த முடியும். விரல் தானாக ஓடினால்தான் மனம் கதையில் நிற்கும். அக்காவின் "இஷ்டம்" பத்து வருஷ உழைப்பால் வந்த கைப்பழக்கம். அதை ஒரு பகற்பொழுதில் பிடுங்கியவன் அவளுக்கு விடுதலை கொடுத்ததாக எண்ணிக்கொண்டது பிழை. லினக்ஸை வெறுத்தா அவள் கோபப்பட்டாள்? தன்னைக் கேட்காததுதான் அவளைச் சுட்டது. உனக்கு நல்லது என்று சொல்லி உன்னைக் கேளாமல் செய்யப்படும் காரியத்தில், நல்லதுகூடக் கசந்துபோகும்.

இந்த மட்டில் தீர்ப்பு அக்கா பக்கம்தான். ஆனால் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. அது என்னை மருமகன் பக்கம் இழுத்தது.

1998-இல் நான் முதல் கம்ப்யூட்டர் வாங்கினேன். ஒரு சிறு நிறுவனத்தின் தமிழ் எழுத்துரு மென்பொருளை, எழுத்து அழகாக இருக்கிறது என்று என் விருப்பப்படியே தேர்ந்தெடுத்தேன். ஒரு நாவலும் பல கதைகளும் அதில் எழுதினேன். அந்தக் காலத்தில் ஆளுக்கொரு குறியீட்டு முறை. ஒருவர் 'அ' என்று வைத்த இடத்தில் இன்னொருவர் 'ணை' வைத்திருப்பார். 1999-இல் அரசு டாம், டாப் என்ற தரங்களை அறிவித்தது. 2010-இல் யூனிகோடை ஏற்றது. அதற்குள் என் எழுத்துரு நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. புதிய கம்ப்யூட்டரில் பழைய கோப்பைத் திறந்தேன். தமிழே இல்லை. கொம்பும் புள்ளியும் முளைத்த அந்நிய எழுத்துக்கள் வரிவரியாக நின்றன. நாவலாவது அச்சாகியிருந்தது. என் தகப்பனாரின் கடைசி நாட்களைப் பற்றி எழுதி, அச்சுக்குக் கொடுக்க மனமில்லாமல் வைத்திருந்த ஒரு கதை அதற்குள் கிடந்தது. அதை நான்தான் எழுதினேன். என்னாலேயே படிக்க முடியவில்லை.

அதை மீட்டவன் இந்த மருமகன்தான். அச்சான நாவலை ஒரு பக்கமும் திரையை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு, எந்தக் கிறுக்கல் எந்த எழுத்து என்று இரண்டு வாரம் இராக்கண் விழித்து அட்டவணை போட்டான். பதினைந்தாம் நாள் என் தகப்பனார் மறுபடி பேசினார்.

மாம்பழத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அன்றுதான் எனக்கு விளங்கியது. இன்று மல்கோவா தின்றவன் நாளை இமாம்பசந்த் தின்னலாம். மல்கோவா அவன் நாக்கைப் பூட்டி வைப்பதில்லை. நான் தேர்ந்தெடுத்த எழுத்துருவோ, நான் எழுதியதையெல்லாம் தனக்குள் பூட்டிக்கொண்டது. உள்ளே போகும்போது எனக்கு விருப்பம் இருந்தது. வெளியே வருவதற்கு வழி இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. எது உனக்குப் பிடிக்கும் என்பது பாதிக் கேள்விதான். நாளைக்குப் பிடிக்காமல் போனால், உன் பொருளை எடுத்துக்கொண்டு போக முடியுமா என்பது மறுபாதி. அதற்கு 'முடியும்' என்று பதில் வந்தால், பழக்கத்தால் வந்ததானாலும் அது என் விருப்பம்தான். முடியாதென்றால், எவ்வளவு ஆசையோடு இருந்தாலும் நான் அங்கே குடியிருப்பவனல்ல, அடைபட்டவன்.

இரண்டு பேருக்கும் இதைத்தான் சொன்னேன். மருமகனிடம், "கதவைத் திறந்து வைப்பது வேறு, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது வேறு. நீ செய்தது இரண்டாவது" என்றேன். அக்காவிடம், "கணக்கையெல்லாம் எந்த இடத்திலும் படிக்கக்கூடிய வடிவத்தில் மாதாமாதம் ஒரு பிரதி எடுத்து வை, அக்கா. அதன் பிறகு எதை வேண்டுமானாலும் பிடித்திருக்கிறதென்று சொல்" என்றேன்.

அன்று இரவே அவன் அந்த இயந்திரத்தில் இரண்டையும் வைத்துக் கொடுத்தான். இணையத்துக்கு லினக்ஸ், இணைப்பைத் துண்டித்து, கணக்குக்கு விண்டோஸ். ஒரு மாதம் கழித்து அக்காவிடம் எது பிடித்திருக்கிறதென்று விசாரித்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதான், தம்பி. புதுசுல எழுத்து கொஞ்சம் பெரிசாத் தெரியுது" என்றாள்.

நான் இன்னும் டைப்ரைட்டர் வரிசையில்தான் அடிக்கிறேன். ஆனால் அதை என் விருப்பம் என்று இப்போதெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. பழக்கம் என்கிறேன்.