கிளிக்கு விடுமுறை எப்போது?

குமரிமுனை! முக்கடலும் கூடிக் கைகோக்கும் முனை. கதிரவன் எழுவதைக் காணவும், அவன் மறைவதைக் காணவும் பல மாநிலத்து மக்களும் திரண்டு வரும் திருமுனை. விடுமுறை பிறந்துவிட்டால் பெட்டி கட்டுகிறோம். பிள்ளைகளை அழைத்துக் கொள்கிறோம். அப்போது, கிளி வளர்க்கும் வீட்டிலே ஒரு கேள்வி எழுகிறது: கிளியையும் கூண்டோடு கொண்டு செல்வதா? அல்லது அண்டை வீட்டாரிடம் விட்டுச் செல்வதா?

இதற்கா ஒரு கட்டுரை என்று சிரிப்போர் சிரிக்கட்டும். மேடையிலே விடுதலை பேசுவது எளிது. வீட்டுத் திண்ணையிலே தொங்கும் கூண்டின் முன் நின்று பேசுவதுதான் அரிது. சின்னஞ்சிறு கேள்விகளே நம் பெருங்கொள்கைகளுக்கு உரைகல்.

“பிள்ளைபோல் வளர்க்கிறோம், ஐயா! பாலும் பழமும் தருகிறோம். பிரிய மனமில்லாமல்தானே உடன் கொண்டு போகிறோம்?” என்பார்கள். அன்பு இல்லையென்று நாம் கூறவில்லை. ஆனால், பிள்ளையின் காலை முடக்கி வைத்து அன்பு காட்டுவார் உண்டோ? கிளியின் இறகை நறுக்குகிறோமே, அது எந்த அன்பு? சோறிடுவதால் மட்டும் ஒருவன் நல்லவனாகிவிட முடியுமானால், உலகில் அடிமை வைத்திருந்த ஆண்டைகள் அத்தனை பேரும் நல்லவர்களே! நாஞ்சில் நாடு அன்று அடங்கியிருந்த திருவிதாங்கூரில் 1855-இல் அரசு ஆணையால் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. சோறு போதவில்லை என்பதற்காகவா ஒழித்தார்கள்? ஓர் உயிரை மற்றோர் உயிர் உடைமையாகக் கொள்வது தகாது என்பதற்காகவன்றோ! மனிதனும் பறவையும் ஒன்று என்று வாதாட வரவில்லை. உடையவன் உரைக்கும் சமாதானம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றே என்கிறோம்.

நாஞ்சில் வயல்களைப் பாருங்கள். கதிர் முற்றும் காலத்தில் கிளிகள் கூட்டமாய் இறங்கும். உழவன் கூவி விரட்டுவான். பார்ப்பவனுக்கு அவன் கிளியின் பகைவன்போலத் தோன்றும். மரப்பொந்திலிருந்து குஞ்சை எடுத்து வந்து விற்பவனிடம் வாங்கி, பெயரிட்டுக் கொஞ்சுகிறவன் நண்பன்போலத் தோன்றும். ஆனால் உழவன் விரட்டும் கிளிக்குச் சிறகு இருக்கிறது. செல்ல வானம் இருக்கிறது. கொஞ்சப்படும் கிளிக்கு இரண்டும் இல்லை. யார் பகைவன்? யார் நண்பன்? எண்ணிப் பாருங்கள்!

“சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை, அதற்கென்ன அறிவு?” என்பது பழைய எண்ணம். ஆராய்ச்சி அதைத் தகர்த்துவிட்டது. அமெரிக்க அறிவியலாளர் ஐரீன் பெப்பர்பெர்க் 1977 முதல் அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியைப் பழக்கினார். 2007-இல் இறக்கும் முன் அது நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களைக் கற்றது. நிறத்தையும் வடிவத்தையும் எண்ணிக்கையையும் கேட்டால் பிரித்துக் கூறியது. எண்ணிப் பார்க்கத் தெரிந்த பறவைக்குச் சிறை எப்படி இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க மறுக்கிறோமே, உண்மையில் கிளிப்பிள்ளை யார்?

சட்டமும் இங்கே ஊமையாக இல்லை. நம் நாட்டுப் பச்சைக்கிளி, 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் பறவை. அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைப்பதும் குற்றம். 2024 மக்களவைத் தேர்தலின்போது, கடலூரில் ஒரு வேட்பாளர் வெல்வார் என்று கிளிச்சீட்டு எடுத்துக் கூறிய சோதிடர் இச்சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்டு, பின் விடுவிக்கப்பட்டார். வேட்பாளரோ தோற்றார்! நெல்மணிக்குப் பழக்கப்பட்டுச் சீட்டை இழுக்கும் பறவைக்குத் தன் கூண்டுக் கதவு நாளை திறக்குமா என்பதே தெரியாது. அதனிடம் நாம் நம் நாளையைக் கேட்கிறோம். பாவம், அந்தச் சோதிடரும் வயிற்றுக்காக வாடுபவர். அவருக்கு வேறு பிழைப்புத் தேடித் தருவதும் நம் கடமையே; கைவிலங்கு மட்டும் விடையாகாது.

சரி, செய்ய வேண்டுவது யாது? வீட்டில் பச்சைக்கிளி இருந்தால், உணர்ச்சிவயப்பட்டு இன்றே கூண்டைத் திறந்துவிடாதீர்கள். இறகு நறுக்கப்பட்டு, இரை தேடக் கற்காத பறவைக்குத் திறந்த வானமும் கொலைக்களமே. பூனையும் காக்கையும் காத்திருக்கும். வனத்துறையினரிடம் ஒப்படையுங்கள், அதுவே முறை. உரிய பதிவோடு வளர்க்கும் வெளிநாட்டுக் கிளியானால், வளர்த்துவிட்ட பொறுப்பு உங்களுடையது. கிளி கூட்டத்தில் வாழப் பிறந்தது. தனித்து விட்டால் தன் இறகைத் தானே பிய்த்துக் கொள்வதும் உண்டு. ஆகவே, பயணத்தில் அழைத்துச் செல்வதா என்ற கேள்விக்கு அதன் நலத்தைக் கொண்டே விடை காணுங்கள். மூடிய காரின் வெப்பமும், கூட்டத்தின் கூச்சலும் அதற்குக் கேடு என்றால், பழகிய ஒருவர் பொறுப்பில் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். கடற்கரையில் படமெடுத்துப் பிறர் வியக்கக் காட்டுவதற்காக மட்டும் அழைத்துச் செல்லாதீர்கள். நமக்கு விடுமுறை, அதற்கோ, சிறை ஊர்விட்டு ஊர் மாறுகிறது, அவ்வளவே!

இனிமேல் வாங்க எண்ணும் இளைஞனே, உனக்கு ஒரு சொல். ‘அழைத்துச் செல்வதா, விட்டுச் செல்வதா’ என்பது இரண்டாவது கேள்வி. ‘வாங்கலாமா’ என்பதே முதற் கேள்வி. முதற் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று விடையளித்தவனுக்கு இரண்டாவது கேள்வியே எழாது. பறவையின்மீது ஆசையா? நாகர்கோவிலிலிருந்து குமரிக்குச் செல்லும் வழியில் சுசீந்திரத்தில் இறங்கு. 2022-இல் உலக ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம் – தேரூர் ஈரநிலம் அங்கே இருக்கிறது. கடல் கடந்தும் மலை கடந்தும் பறவைகள் அங்கு வருகின்றன, எவர் கூண்டிலும் ஏறாமல்! கரையில் நின்று பார்; கண் நிறையப் பார். கையில் பிடிக்காமல் நேசிக்கக் கற்றுக்கொள். பறவையிடம் அதைக் கற்றவன், மனிதரிடமும் ஆதிக்கம் செலுத்தத் தயங்குவான்.