வாளியும் கிதாரும்

கலிபோர்னியாவில், சான் பாப்லோ விரிகுடாக் கரையில், ரோடியோ என்றொரு சிற்றூர். 1896-இல் அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. அந்த ஊரிலிருந்து இந்தியாவுக்கு இரண்டு சரக்கு வந்தது. ஒன்று பாட்டு, மற்றது பிளாஸ்டிக் வாளி.

பாட்டு, கிரீன் டே குழுவினுடையது. பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் ரோடியோவில் வளர்ந்தவர். லாரி ஓட்டிய அப்பா 1982-இல் புற்றுநோயில் இறந்தபோது அவருக்குப் பத்து வயது. பள்ளித் தோழர் மைக் டர்ன்ட்டும் அவரும் 1987-இல் தொடங்கிய குழுவை 1994-இல் வந்த 'டூக்கி' ஆல்பம் உலகறியச் செய்தது. பொழுது போகவில்லை, போக இடமில்லை, எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்ற பயம்: இவ்வளவுதான் அதில் விஷயம். கிதாரில் எளிய மெட்டு, மூன்று நிமிடம், தலைதெறிக்கும் வேகம். 'பாப் பங்க்' என்கிறார்கள்.

2025 மார்ச்சில், மும்பை மகாலட்சுமி குதிரைப் பந்தயத் திடலில், லோலாபலூசா விழாவில் அவர்கள் வாசித்தார்கள். இந்தியாவில் அதுதான் முதல் முறை. எண்ணூர் நெட்டுக்குப்பத்திலிருந்து நானும் போயிருந்தேன். குழுவின் மூவரும் 1972-இல் பிறந்தவர்கள். ஐம்பது தாண்டிய கோடீஸ்வரர் இருபது வயதுச் சலிப்பைப் பாடினால் அது நடிப்புதானே என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. டிக்கெட் விலையை நினைக்க நினைக்க அது கூடியது. 'பாஸ்கெட் கேஸ்' பாட்டு தொடங்கியதும் திடல் மொத்தமும் குதித்தது, நானும்தான். மூச்சு வாங்கியபோதுதான் ஒன்று உறைத்தது. 'டூக்கி' முழுக்கத் தேடினாலும் ஆலையைப் பற்றி ஒரு பாட்டுகூடக் கிடையாது.

அதே 1994-இல்தான் ரோடியோ ஆலையிலிருந்து இரண்டு வாரத்துக்கும் மேலாக நச்சு இரசாயனம் கசிந்தது. ஊர்க்காரர்கள் காற்றைத் தாங்களே பிடித்துச் சோதனைக்கு அனுப்ப, வாளிக்குள் பை வைத்த மலிவான கருவி ஒன்று அடுத்த வருடம் உருவானது. 2004-இல் அது கடலூர் சிப்காட் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தது. நாற்றம் அடிக்கிறது என்று மக்கள் சொன்னால் நம்பாத அதிகாரிகள் முன்னால், ஆய்வுக்கூடத் தாள் பேசியது. அந்த வாளிக்கு நான் கும்பிடு போடுவேன்.

எங்கள் ஊருக்கும் அப்படிப்பட்ட சாட்சி தேவைதான். கொசஸ்தலை முகத்துவாரத்தில் அனல் மின் நிலையச் சாம்பல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகிலும் வலையிலும் அப்பியது. அந்த மாதமே பெரியகுப்பத்தில் அமோனியா கசிவு. கேமராக்கள் வந்தன, மைக்குகள் நீண்டன, நாங்கள் பேசினோம். 2017-இல் டி.எம். கிருஷ்ணா பாடிய பொறம்போக்குப் பாடலும் எண்ணூரில் படமானதுதான், நல்ல காரியம். ஆனால் கேட்பவர்களுக்கெல்லாம் காயத்தையே காட்டிக் காட்டி, எங்களுக்கே நாங்கள் காயமாக மட்டும் தெரியத் தொடங்கிவிட்டோம். இந்த ஊரில் ஒருவனுக்குச் சும்மா பொழுது போகாமலும் இருக்கலாம், காதல் தோற்றிருக்கலாம், காரணமில்லாமல் சிரிப்பும் வரலாம்.

ஆம்ஸ்ட்ராங் பின்னாளில் அரசியலும் பாடினார், நன்றாகவே பாடினார். என்றாலும் ஆலை வாசலில் வளர்ந்தவன் ஆலையைத்தான் பாட வேண்டும் என்ற கட்டாயத்தை அந்தப் பையன் இருபத்தோரு வயதில் ஏற்கவில்லை. ஐம்பத்து மூன்றிலும் அதே அசட்டுத்தனத்தை மேடையில் நின்று கத்தினார். எனக்கு அதில் நடிப்பு தெரியவில்லை. மூச்சில் என்ன கலந்திருக்கிறது என்று வாளி சொல்லும். அந்த மூச்சைக் கொண்டு ஊரில் என்ன செய்தார்கள் என்பதை வாளி பிடிக்க முடியாது.

மும்பையிலிருந்து திரும்பிய பிறகு, குப்பத்தில் ஒரு சாவு வீடு. ராத்திரி கானா. சட்டியைத் தட்டிக்கொண்டு ஒரு பையன், செத்தவரின் குடி, சண்டை, எம்.ஜி.ஆர். பைத்தியம் எல்லாவற்றையும் பாடினான். சாம்பல், எண்ணெய் பற்றிப் பேச்சே இல்லை. டீ குடிக்க உட்கார்ந்தவனிடம் ஏன் என்று கேட்டேன்.

"அதத்தான் டிவில காட்றாங்களே ண்ணா. இந்த ஆளு எப்டி சிரிப்பாருன்னு எவன் காட்டுவான்?"

டம்ளரை வைத்துவிட்டு, எம்.ஜி.ஆர். படத்துக்கு டிக்கெட் வாங்கச் செத்தவர் வலையை அடகு வைத்த கதையை எடுத்தான். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "டேய், வலை இல்லடா, என் கம்மலு!"