தற்செயலும் பொறுப்பும்

ஒரு விளைவு தற்செயலாக நேர்ந்ததன்று என நிறுவப்பட்டால், அதற்கு ஒருவர் பொறுப்பாளி என்பதும் உடன் நிறுவப்பட்டுவிடுகிறதா? புள்ளிவிபரவியல் கற்போர் இவ்வினாவைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. ஒரு விகிதசமம் பற்றிய கருதுகோளைச் சோதித்து நிராகரித்ததும் அவர்தம் கணக்கு முடிந்துவிடுகின்றது. நீதிமன்றத்திலோ வழக்கு அங்கேதான் தொடங்குகின்றது.

1977ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்த காஸ்ரனேடா எதிர் பார்ட்டிடா வழக்கு இதற்குத் தக்க சான்றாகும். ரெக்சாஸ் மாநிலத்து இடால்கோ மாவட்டக் குடித்தொகையில் 79.1 வீதத்தினர் மெக்சிக்கோ வழிவந்தோர். பதினொரு ஆண்டுகளில், ஒருவர்மீது குற்றஞ்சாட்டலாமா எனத் தீர்மானிக்கும் பெரும் யூரர் பணிக்கு அழைக்கப்பட்ட 870 பேருள் அவர்கள் 339 பேர் மாத்திரமே. குலுக்கல் முறையில் தெரிந்திருப்பின் ஏறக்குறைய 688 பேர் இடம்பெற்றிருத்தல் வேண்டும். நியம விலகல் 12. குறைவோ அதன் 29 மடங்கு. இரண்டு மூன்று மடங்கைத் தாண்டினாலே தற்செயல் என்னும் கருதுகோள் ஐயத்துக்குரியது என்கிறது தீர்ப்பின் அடிக்குறிப்பு.

ஆயின் அங்கு குலுக்கல் நடைபெறவேயில்லை. நீதிபதி நியமித்த ஆணையாளர் சிலர், எழுத்தறிவும் நன்னடத்தையும் உடையோரெனத் தாம் கருதியவர்களின் பெயர்களையே எழுதிக் கொடுத்தனர். எவரும் நம்பாத ஒரு கருதுகோளை நிராகரிப்பதில் என்ன பயன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தகுதி எல்லா இனத்தாரிடையேயும் ஒரே அளவிற் பரவியிருந்தாலன்றி 79.1 என்ற எண்ணை அளவுகோலாகக் கொள்ளல் இயலாது. மாறுபட்ட தீர்ப்பளித்த நீதியரசர்களுள் பேர்கர் இவ்விடத்தையே சுட்டினார். எந்தக் குடித்தொகையை எடுத்துக்கொள்வது என்பது சூத்திரம் தீர்க்கும் விடயமன்று. அதுவே ஓர் ஒழுக்கத் தெரிவு. எனினும் தகுதியுடையோருள் அவர்கள் பங்கு 65 வீதமே எனக் குறைத்துக் கொண்டாலும் குறைவு 16 நியம விலகலுக்கு மேற்படுகின்றது.

மற்றொரு சிக்கலும் உண்டு. வழக்காளிமீது குற்றஞ்சாட்டிய குழுவைத் தெரிந்த ஆணையாளர் ஐவருள் மூவர் மெக்சிக்கோ வழிவந்தோரே. தம்மவரைத் தாமே ஒதுக்குவரோ? ஒதுக்கமாட்டார் என்று முன்கூட்டியே கொள்ளுதற்கு மன்றம் உடன்படவில்லை. அதற்காக, எண்ணைக் கண்டதும் எவரையும் குற்றவாளியெனவும் அது கூறிவிடவில்லை. எண், விளக்கமளிக்கும் பொறுப்பினை அரசின் தோளுக்கு மாற்றியது, அவ்வளவே. நால்வருக்கு எதிராக ஐவர் இம்முடிவுக்கு வந்தனர். மாநில அரசோ எத்தகுதி நோக்கிப் பெயர்களைத் தெரிந்தனர் என்று சாட்சியமளிக்க அந்த ஆணையாளரை அழைக்கவேயில்லை.